பேசாத குடலுக்குக் காதுகொடுத்தவருக்கு

மருந்தியல் துறையின் மாண்பே! வினாக்களை விரும்பி விருந்தோம்பிய வித்தகரே! தெரிந்ததைத் தெளிவாகவும் தெரியாததைத் தைரியமாகவும் சொன்ன தகைமையாளரே! குடலியக்க ஆய்வகத்தைக் கட்டிக் காத்து, இன்று பணிநிறைவு பெறும் எம் பேராசிரியப் பெருந்தகையே! உடன் பணியாற்றிய நாங்கள் அனைவரும் ஒன்றுகூடி, உவகையும் உருக்கமுமாய் உங்களை வணங்குகிறோம்.

இதற்கு மேலும் இரண்டு பக்கங்கள் இப்படியே எழுதி வைத்திருந்தோம். பட்டங்களும் பதவிகளும் சரியாக உள்ளனவா என்று பார்ப்பதற்காகச் சென்ற வாரம் அவரிடமே அதைக் கொடுத்தோம். பென்சில் குறிப்புகளோடு அது திரும்பி வந்தது. ‘கருணைக் கடல்’ என்ற இடத்தில், ‘ஆழத்தை அளந்தவர் யார்?’ என்றிருந்தது. ‘அறிவுச் சுடர்’ என்ற இடத்தில், ‘எத்தனை வாட்?’ ‘ஓய்வறியா உழைப்பாளி’ என்ற இடத்தில், ‘தவறு. மதியம் தூங்குவேன்.’ முகம் தொங்கிப்போய் நின்ற எங்களைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

“நடந்தத மட்டும் எழுதுங்கப்பா. யாரோ ஒருத்தரப் பத்திச் சொல்ற மாதிரி சொல்லுங்க. நானும் ஓரமா உக்காந்து கேட்டுக்கிறேன்” என்றார்.

ஆகவே அவையோரே, புகழுரையை ஒதுக்கிவிட்டு, பேராசிரியர் என்னும் யாரோ ஒருவரைப் பற்றி, நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

அவருடைய ஆய்வகம் மருத்துவமனையின் பின்கட்டில், சலவையறைக்கு நேர் மேலே இருக்கிறது. கீழிருந்து ஏறும் வெக்கையில் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பழைய மாணவர்கள் அவருக்கு இட்ட செல்லப்பெயர் குடலம்மா. அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது மாணவர்களுக்கும் தெரியும். அந்த அறையில் வெந்நீர் ஓடும் உறை போர்த்திய கண்ணாடித் தொட்டி ஒன்று. அதில் உப்புக் கரைசல், கீழிருந்து குமிழியிடும் ஆக்சிஜன், நடுவே கொக்கியில் கட்டித் தொங்கவிட்ட எலிக்குடல் துண்டு. உடலை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தத் துண்டு சும்மா இருக்காது. தானாகச் சுருங்கும், தானாக விரியும். அதன் மேல்முனையில் கட்டிய நூல் எழுதுகோலை இழுக்க, ஓடும் காகிதத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு மலைத்தொடர் பிறக்கும்.

குடலின் மென்தசைச் செல்களில் கால்சியம் நுழைவதற்கென்று நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. வாயில் திறந்து கால்சியம் உள்ளே போனால் தசை சுருங்கும். வாயில் மூடிக்கொண்டால் தளரும். இலையிலும் வேரிலும் பூவிலும் உள்ள சில பொருள்கள் அந்த வாயிலை மூடும் வல்லமை உடையவை. எது மூடுகிறது, எவ்வளவு இருந்தால் மூடுகிறது, மூடியது மறுபடி திறக்குமா என்பதுதான் பேராசிரியரின் வாழ்நாள் ஆராய்ச்சி. வயிற்றுவலிக்குக் கஷாயம் குடித்தால் ஏன் கேட்கிறது என்று யாராவது பேச்சுவாக்கில் கேட்டுவிட்டால் போதும், அவர்களுடைய அன்றைய வேலை கெட்டது என்று அர்த்தம்.

ஒரு நாள் மதியம் மருத்துவமனை கேன்டீனில், அறுவை மருத்துவர் எதிரில் இருந்த சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பேராசிரியரைவிட வயதில் இளையவர், கைராசிக்காரர் என்று பேரெடுத்தவர், லேசில் கலங்குகிறவர் அல்லர். வார்டில் ஒரு பேருந்து ஓட்டுநர் படுத்திருப்பதாகச் சொன்னார். வயிறு மத்தளமாக உப்பிக் கிடக்கிறதாம். எக்ஸ்ரே படத்தில் குடல் முழுக்கக் காற்று. எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால் ஓரிடத்திலும் அடைப்பு தெரியவில்லை. வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் ஒரு சத்தமும் இல்லை. குடல் கிழிந்துவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். அன்று மாலையே வயிற்றைத் திறந்து பார்த்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். திறந்து, உள்ளே ஒன்றும் இல்லையென்றால் என்ன செய்வது என்பதுதான் அவரைச் சாப்பிடவிடாமல் செய்தது.

“குடல் வாயே திறக்க மாட்டேங்குது மேடம்.”

“நான் ஒரு தடவ கேட்டுப் பாக்கலாமா?” என்றார் பேராசிரியர்.

நோயாளியைத் தொட்டுப் பார்த்து அவருக்குப் பல காலம் ஆகியிருந்தது. வார்டுக்குப் போகும் வழியே மறந்து, எலும்பு முறிவுப் பிரிவுக்குள் நுழைந்து திரும்பினார். ஸ்டெதஸ்கோப் கூடச் செவிலியரிடம் வாங்கியதுதான். ஓட்டுநர் கண்ணை மூடிக் கிடந்தார். பக்கத்தில் ஒரு முக்காலியில் அவர் மனைவி, தையல் வேலை செய்கிறவர், யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். கை வேலையில் இருந்தது. கண் கணவன் வயிற்றில் இருந்தது.

பேராசிரியர் குனிந்து கேட்டார். உண்மைதான், ஒன்றுமே இல்லை. ஆளில்லாத வீட்டுக் கதவில் காதை வைத்தது போல இருந்தது. நிமிரப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஓட்டுநரின் மூச்சில் புதினா மணத்தது. மென்று துப்பிய இலையின் வாசனை அல்ல அது. காய்ச்சி இறக்கிய தைலத்தின் வாசனை, மூக்கின் அடிவரை போய்க் குளிர்கிற வாசனை. அவருடைய ஆய்வக அலமாரியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற அதே வாசனை.

வெளியிலிருந்து ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று மனைவியைக் கேட்டார். இல்லவே இல்லை என்றார் அவர், கேள்வி முடிவதற்குள்ளாகவே. முதல் நாளே, வீட்டு வைத்தியம் எதுவும் செய்யக் கூடாது என்று வார்டில் யாரோ அவரைக் கடிந்து பேசியிருந்தார்கள். பேராசிரியர் அவரை மறித்துக் கேட்கவில்லை. இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் பையிலிருந்து செல்பேசியை எடுத்து, குடல் துண்டு தொட்டியில் துடிக்கும் காட்சியைக் காட்டினார். இது உயிரில்லாத எலியின் குடல், ஆனால் பாருங்கள், எப்படி நடனமாடுகிறது என்றார். மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுப் பார்த்தார். அருவருப்புப் படவில்லை. இது எதனால் நிற்கும் என்று கேட்டார்.

“பல பொருளால நிக்கும். புதினாத் தைலத்தாலயும் நிக்கும்.”

அந்த அம்மாளின் முகம் வெளிறிவிட்டது. மடியிலிருந்த துணிப்பையின் அடியிலிருந்து சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்று வெளியே வந்தது. கடையில் வாங்கியது. பிள்ளைக்கு வயிறு வலித்தபோது ஒரு சொட்டில் கேட்டதாம். கணவருக்கு வலி வந்ததும் வெந்நீரில் விட்டுக் கொடுத்தார். வலி குறைந்தது. மறுபடி வந்தபோது மறுபடி கொடுத்தார். பெரிய உடம்பு, ஒரு சொட்டு எந்த மூலைக்கு என்று சொட்டுகள் கூடின. வார்டில் சேர்த்த பிறகும், யாரும் பார்க்காதபோது பஞ்சில் நனைத்து நாக்கில் தடவிக்கொண்டிருந்தார்.

“நாந்தான் இவர இப்படிப் படுக்க வச்சிட்டேனா டாக்டரம்மா?”

“எனக்குத் தெரியாதும்மா. நீங்க வலி போகட்டும்னு குடுத்தீங்க. என்ன குடுத்தீங்கன்னு உங்கள உக்கார வச்சுப் பொறுமையா கேக்காம விட்டது நாங்க. இந்தப் புட்டிய நான் கொஞ்ச நேரம் வாங்கிட்டுப் போகட்டுமா?”

போகும்போது கட்டில் தலைமாட்டில் இருந்த மருந்துச் சீட்டையும் ஒருமுறை படித்தார். இரத்த அழுத்தத்துக்காக ஓட்டுநர் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். அதுவும் கால்சியம் வாயிலை மூடுகிற மாத்திரைதான். இரத்தக் குழாயைத் தளர்த்துவதற்காகக் கொடுப்பது. சிலருக்குக் குடலையும் மந்தமாக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மாத்திரை தனியாக இருந்திருந்தால் குடல் சமாளித்திருக்கும். தைலம் தனியாக இருந்திருந்தாலும் சமாளித்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரே வாயிலை அழுத்தினால்? மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக அவர் ஏறியதை நாங்கள் கண்ணால் கண்டோம். மூட்டுவலிக்காரர் அவர்.

மாலைவரை பொறுக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று அறுவை மருத்துவர் சொல்லியிருந்தார்.

தொட்டியில் புதிய துண்டு ஏறியது. மலைத்தொடர் ஓடத் தொடங்கியது. மாத்திரையைக் கரைத்துச் சிறிதளவு விட்டார், மலைகள் குன்றுகளாயின. புட்டித் தைலத்தில் ஒரு துளி விட்டார். குன்றுகளும் மறைந்து கோடு சமமாகியது. இனித்தான் முக்கியமான கட்டம். வாயில் மூடியதுதான் காரணம் என்றால், வெளியே கால்சியத்தைக் கூட்டினால், முட்டி மோதிக்கொண்டு கொஞ்சமாவது உள்ளே போக வேண்டும். துண்டு மறுபடி அசைய வேண்டும். கால்சியம் விட்டார். கோடு கோடாகவே ஓடியது. இன்னும் விட்டார். அசைவே இல்லை.

அப்படியானால் இது வாயிலை மூடவில்லை, தசையையே கொன்றுவிட்டது. அவர் ஊகம் தப்பு. நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கக் கூசி ஆளுக்கொரு மூலையைப் பார்த்தோம். அவரோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தொட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றார். தப்பாய்ப் போனதற்காக அவர் வருந்தியதாகவே தெரியவில்லை. புது விருந்தாளியைப் பார்த்தவர் போல இருந்தார்.

“இது வேற என்னமோ சொல்லுது, இருங்க” என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தவருக்குப் பிடிபட்டது. தைலம் தண்ணீரில் கரையவே இல்லை. மேலே படலமாக மிதந்து, கொக்கியில் வழிந்து, துண்டின் மேல் அப்பிக்கொண்டிருந்தது. துளி சிறியதுதான், துண்டுக்குக் கிடைத்ததோ முழுக்குளியல். எந்த மனித வயிற்றுத் தசைக்கும் அவ்வளவு போய்ச் சேராது. தைலத்தை முதலில் ஆல்கஹாலில் கலந்து, அதை மேலும் மேலும் நீர்க்கச் செய்தார். ஆல்கஹாலே துண்டை மயக்கிவிட்டால் என்ன செய்வது என்று, வெறும் ஆல்கஹாலை வேறொரு துண்டுக்கு விட்டுப் பார்த்தார். அது கண்டுகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெயில் சாய்ந்தது. அறுவை மருத்துவர் கூப்பிட்ட தொலைபேசியை, இதோ வருகிறேன் என்று இரண்டே சொல்லில் வைத்தார்.

மூன்றாவது துண்டு. மாத்திரை சிறிது, மலைகள் தாழ்ந்தன. நீர்த்த தைலம் சிறிது, கோடு சமமானது. கால்சியம். கோடு ஓடியது, ஓடியது. பிறகு எழுதுகோல் மெல்லத் தயங்கி எழுந்தது. சின்ன மேடு. ஒரு இடைவெளி. இன்னொரு மேடு, முன்னதைவிடப் பெரியது. யாரும் கைதட்டவில்லை. மூச்சுவிட்டால் எழுதுகோல் அசைந்துவிடுமோ என்று நின்றோம்.

காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு அவர் வார்டுக்குப் போனார். இந்தத் தடவை வழி தவறவில்லை. அறுவை மருத்துவர் காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“அப்போ இதுதான் காரணமா மேடம்? உறுதியா?”

அந்த நேரத்தில் ஆமாம் என்று சொல்வது எவ்வளவு எளிது! கேட்டவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஓட்டுநரின் மனைவி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“தொட்டியில உறுதி. அவர் வயித்துல உறுதின்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கலாம்னு சொல்றதுக்கு இப்ப ஒரு காரணம் இருக்கு, அவ்வளவுதான்.”

கால்சியத்தை நரம்பில் ஏற்றிவிடலாமா என்று மருத்துவர் கேட்டார். இதயத்திலும் அதே வகை வாயில்கள் இருக்கின்றன, எலிக்குடலை நம்பி மனித இதயத்தில் கைவைக்கத் தன்னால் சொல்ல முடியாது என்றார் பேராசிரியர். அறுவை மருத்துவர் கட்டிலைச் சுற்றி நடந்தார். வயிற்றை மறுபடி அமுக்கிப் பார்த்தார்; காய்ச்சலைப் பார்த்தார்; இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். கிழிந்ததற்கான அடையாளம் இன்னும் இல்லை. கடைசியில், தைலத்தை நிறுத்தவும், மாத்திரையை வேறு வகைக்கு மாற்றவும், மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் காற்றை இறக்கவும் சொல்லி, கத்தியை மறுநாள் காலைவரை தள்ளி வைத்தார். முடிவெடுத்தவர் அவர். அந்தத் துணிவுக்கும் இந்த மடலில் ஒரு வணக்கம்.

மறுநாள் விடிந்ததும் பேராசிரியர் நேரே வார்டுக்கு வந்தார். வழியெல்லாம் தன் கணக்கு தப்பாக இருந்தால் என்ன என்றே நினைத்து வந்ததாகப் பிற்பாடு சொன்னார். அறுவைக் கூடத்துக்கு அனுப்புவதற்கான ஏற்பாடு ஒரு பக்கம் தயாராக இருந்தது. குனிந்து காது கொடுத்தார். மௌனம். அசையாமல் இருந்தார். மறுபடி மௌனம். பிறகு தூரத்தில், கிணற்றடியில் யாரோ சொம்பை முக்கியது போல, ‘கொளக்’ என்று ஒரு சத்தம்.

அவர் நிமிர்ந்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மனைவியின் காதில் மாட்டிவிட்டார். அந்த அம்மாள் மூச்சைப் பிடித்துக் கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது, வாயில் சிரிப்பு வந்தது.

“உள்ள யாரோ வந்துட்டாங்க டாக்டரம்மா” என்றார்.

முற்பகலில், சபையில் சொல்லத் தகாததும் மருத்துவத்தில் கொண்டாடத் தக்கதுமான அந்த ஓசை, ஓட்டுநரிடமிருந்து வார்டு முழுதும் கேட்கும்படி வெளிப்பட்டது. எத்தனையோ மேடைகளில் எத்தனையோ முழக்கங்களைக் கேட்டிருக்கிறோம்; இப்படி ஒரு வரவேற்பு பெற்ற முழக்கத்தைக் கேட்டதில்லை. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து வாழ்த்தினார். ஓட்டுநர் வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். வயிறு திறக்கப்படாமலேயே அவர் வீடு போய்ச் சேர்ந்தார்.

இங்கே முடிந்திருந்தால் இது வெற்றிக் கதை. அறுவை மருத்துவர் இதை மாதாந்தரக் கூட்டத்தில் புதினாத் தைலத்தின் தீமை என்று தலைப்பிட்டுச் சொல்ல ஆசைப்பட்டார். பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. தைலத்தை நிறுத்தினோம், மாத்திரையை மாற்றினோம், குழாய் விட்டோம், ஓர் இரவும் கழிந்தது. இவற்றில் எது குடலை எழுப்பியது என்று எப்படிச் சொல்வது? ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் எழுந்திருக்கலாமே? இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, சில நாள் பேச்சே இல்லை. பிறகு தலைப்பு மாறியது: ‘ஒரு மௌனக் குடலும் விடை தெரியாத கேள்வியும்.’ அன்று முதல் அந்த வார்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும், வீட்டில் வேறு என்ன குடித்தீர்கள் என்று உட்கார வைத்து, திட்டாமல் கேட்கிற வழக்கம் வந்தது.

உடம்பு தேறிய ஓட்டுநர் நன்றி சொல்ல ஆய்வகத்துக்கு வந்தார். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தன்னால் எழுந்த கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்று கேட்டதும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“வேணும்னா இன்னொரு வாட்டி குடிச்சுக் காட்டட்டுமா டாக்டர்?”

பேராசிரியர் வேண்டாம் என்றார். ஆனால் உடனே சொல்லவில்லை; ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தை ஓட்டுநரின் மனைவி கவனித்துவிட்டார். அவர் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் தனக்கு வேர்க்கிறது என்று பேராசிரியர் எங்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அதன்பின் வந்த ஆண்டுகள் அந்தக் கேள்வியின் ஆண்டுகள். தைலத்தைப் பிரித்து, அதில் எந்தப் பொருள் வாயிலை மூடுகிறது, எந்தப் பொருள் சும்மா கூட வருகிறது என்று பார்த்தார். சுக்கு, சோம்பு, சாமந்திப்பூ என்று தொட்டி பார்க்காத மணமில்லை. ஆரோக்கியமானவர்களுக்குத் தைலத்தைத் தகுந்த அளவில் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் குடல் பெரிதாக ஒன்றும் மந்தமாகவில்லை. தன் ஊகத்துக்கு எதிரான அந்த முடிவைத்தான் அவர் முதலில் அச்சிட்டார். மாத்திரையும் தைலமும் சேர்ந்தால் மனிதக் குடலில் என்ன நடக்கும் என்பது மட்டும் எஞ்சி நின்றது. ஏற்கனவே அந்த மாத்திரையைச் சாப்பிடுகிற, வயதில் மூத்தவர்களிடம், மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய ஆய்வு அது. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிக்குழு பலமுறை திருப்பியனுப்பியது. ஒவ்வொரு முறையும், அவர்கள் கேட்பது நியாயம்தான் என்று சொல்லித் திருத்தி எழுதினார். இந்த ஆண்டு அனுமதி வந்தது. அவர் பணிநிறைவு ஆணையும் அதே வாரத்தில் வந்தது.

இத்தனை காலம் காத்திருந்தவர் வாசற்படியில் நிறுத்தப்பட்டாரே என்று புலம்பினோம். அவரோ நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு கமுக்கமாகச் சிரித்தார்.

பேராசிரியப் பெருந்தகையே! ஓரமாய் உட்கார்ந்து கேட்டது போதும். இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம்.

நீங்கள் சிரித்த காரணம் சென்ற திங்களன்றுதான் எங்களுக்கு விளங்கியது. ஆய்வுக்கு முன்வரும் தன்னார்வலர்களைப் பதிவு செய்ய நாங்கள் மேசை போட்டு உட்கார்ந்தபோது, முதல் ஆளாக வரிசையில் நின்றவர் நீங்கள். உங்களுக்கும் இரத்த அழுத்தம் வந்து, அதே மாத்திரையைச் சில ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருவதை எங்களிடம் மூச்சுவிடாமல் மறைத்திருக்கிறீர்கள்! தலைவர் நாற்காலியில் இருக்கும்வரை உங்கள் ஆய்வில் நீங்களே சேர விதி இடம் தராது; திங்களன்று எழுதிய பெயரும் உங்கள் பணிநிறைவுக்குப் பிறகுதான் செல்லும். அதற்காகவே இந்த நாளுக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். வயது, எடை, மற்ற நோய்கள் எல்லாவற்றையும், உங்களிடம் பயின்றபடியே, கொஞ்சமும் முகதாட்சண்யம் இல்லாமல் சோதித்தோம். தேறிவிட்டீர்கள். உங்களுக்குக் கிடைக்கப்போவது தைலம் அடைத்த கேப்ஸ்யூலா, ஒன்றுமில்லாத வெற்றுக் கேப்ஸ்யூலா என்பது உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதை நாங்கள் சொன்னபோது உங்கள் முகத்தில் தெரிந்த ஆவல், இந்த அரங்கில் நாங்கள் போர்த்தும் பொன்னாடையைவிடப் பளபளப்பாக இருந்தது.

ஆகவே வழியனுப்ப வந்த நாங்கள் வழியனுப்பாமல் நிற்கிறோம். உடல்நலமும் உள்ளக் களிப்பும் ஓயாத ஐயங்களும் உடன்வர, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். எங்கள் விடைகளில் ஓட்டை கண்டுபிடிக்கும் அளவுக்குக் கூர்மையோடு வாழ வேண்டும். இன்றோடு நீங்கள் எங்கள் தலைவர் அல்லர். வரும் புதன்கிழமை முதல் எங்கள் ஆய்வின் முதல் தன்னார்வலர். காலையில் வெறும் வயிற்றோடு வந்துவிடுங்கள். தாமதமானால், விதிப்படி, சேர்த்துக்கொள்ள மாட்டோம்.

என்றும் உங்கள் கேள்விகளுக்குக் கடமைப்பட்ட,
குடலியக்க ஆய்வகத்தாரும் அறுவைப் பிரிவாரும்